பாலையூற்றுக்கு ஒரு நடுவகுப்பு



திருகோணமலை இதழ் ஒன்றில் ஐரோப்பிய யூதரின் யிட்டிஷ் மொழிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இங்குள்ள பாலையூற்றில் பழகியவர்கள் கேட்கமாட்டார்கள். அங்கே பறங்கியர் வீடுகளில் மூத்தவர்கள் சிலரிடம் இலங்கைப் போர்த்துக்கேயம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1624இல் நம் கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் தீவை விட்டே போய்விட்டார்கள். அவர்களால் இங்கே பிறந்த பேச்சு மட்டும் தமிழோடு கூடி வாழ்ந்து, இன்று திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் உரிய மொழியாக நிற்கிறது.

யிட்டிஷின் கதை இதைவிடக் கொடியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பேசினார்கள். நாசிகள் கொன்ற அறுபது இலட்சம் யூதரில் பெரும்பாலோரின் வீட்டுமொழி அதுதான். இன்றும் ஹசிடிக் யூதர்களின் வீடுகளில் பிள்ளைகள் அதைப் பேசி வளர்கிறார்கள். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் வகுப்பில் போய்ப் படிக்கிற மொழி. 1949இல் மொழியியலாளர் யூரியல் வைன்ரைக் எழுதிய பாடநூலிலிருந்து நியூயோர்க்கின் யீவோ என்ற யூத ஆய்வு நிறுவனம் நடத்தும் கோடைகால வகுப்புகள் வரை அதற்கு ஒரு பாதை இருக்கிறது.

அந்தப் பாதையில் என்னை ஈர்ப்பது நடுவகுப்பு. முதல் வகுப்பில் எழுத்தும் நலம் விசாரிப்பும் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் சிரமம்: வெளியே போனால் பேச ஆளில்லை. அதனால் வகுப்பே தெருவாகவும் திண்ணையாகவும் ஆகவேண்டியிருக்கிறது. யிட்டிஷ் எழுத்தாளர் ஷோலெம் அலெய்க்கெமின் சிறுகதை ஒன்றை ஆளுக்கொரு பந்தியாக உரத்து வாசிக்கலாம். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் சொந்த வசனத்தில் பதில் சொல்லலாம். அம்மம்மா பேசக் கேட்டு வளர்ந்தவருக்கு ஓசை தெரியும், எழுத்துத் தெரியாது. புத்தகத்தில் படித்தவருக்கு எழுத்துத் தெரியும், ஓசை பிடிபடாது. இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினால் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆகிவிடுவார்கள். தனியே கைபேசியில் படிப்பவருக்கு இது கிடைக்காது.

இங்கே அப்படியொரு வகுப்புக்கு வேண்டிய பொருள் நிறையவே உண்டு. 1900இல் தல்காடோ பாதிரியார் இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மட்டக்களப்புப் பேச்சை மொழியியலாளர் இயன் சிமித் 1970களில் ஆராய்ந்தார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ குழுவினர் அண்மை ஆண்டுகளில் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். தமிழருக்கு இலக்கணமும் அந்நியமாகத் தோன்றாது. வினைக்கு முன்னே ‘ஜா’ வந்தால் இறந்தகாலம், ‘லோ’ வந்தால் எதிர்காலம். வசனமோ பெரும்பாலும் நம்முடையதைப் போல வினையில் போய் முடியும். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அயலில் இருந்த உறவு அது.

இல்லாதது தொடர்ந்து கூடுகிற வட்டம்தான். பறங்கியர் கல்யாண வீட்டில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் இளையவர்களுக்கும் கால் தானாக ஆடும். பாட்டி அந்த மொழியில் கேட்டால் அவர்களுக்கு விளங்கவும் செய்யும்; பதில் மட்டும் தமிழில் வரும். இவர்களை ‘மொழி தெரியாதவர்கள்’ என்று கணக்கெழுதுவது பெரிய அநியாயம். நடுவகுப்பின் முதல் வரிசை இவர்களுக்குத்தான். பாட்டிமார் பக்கத்தில் இருக்கவேண்டும், பார்வையாளராக அல்ல, ஆசிரியராக.

இந்த வேலை பல ஆண்டு கழித்துச் செய்யக்கூடியது அல்ல. பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. இங்கிருக்கும் மூத்தவர்களுக்கும் வயதாகிறது.

பாலையூற்று வாசகர்களே, உங்கள் வீட்டில் பழைய பாட்டுக் கொப்பி இருந்தால் தெரியப்படுத்துங்கள். அம்மம்மா சொன்ன கதையைத் தமிழெழுத்தில் எழுதி அனுப்பினாலும் போதும். இதழ்தோறும் இரண்டு பக்கம் அதற்கென ஒதுக்குகிறோம். வகுப்பு கூடும்போது வாசிக்க அவை உதவும். மாலையில் ஓர் அறை தரக்கூடிய பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் எங்களுக்கு எழுதலாம்.

அன்புடன்,
ஆசிரியர்