கரையோரப் பிள்ளைகளும் ஜப்பானியச் சித்திரக் கதைகளும்

இலங்கையில் சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி என்று வடக்கே ஏறிக் கற்பிட்டி முனைவரை வாழும் ஜனங்களுக்கு ஜப்பான் என்ற தேசம் நெடுங்காலமாகப் பொருள்களின் உருவத்திலேயே அறிமுகமாகி வந்திருக்கிறது. வள்ளத்தின் பின்புறத்தில் பூட்டிய யமஹா எஞ்சின் அங்கிருந்து வந்தது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் டொல்பின் வான் அங்கிருந்து வந்தது. 1980களில் கண்டற் காடுகளும் சதுப்பு நிலங்களும் வெட்டப்பட்டு ஒல்லாந்தர் கால்வாயின் ஓரமெல்லாம் இறால் பண்ணைகள் எழுந்தபோது, அவற்றில் வளர்ந்த கறுப்புப் புலி இறாலுக்கு முதன்மையான சந்தைகளுள் ஒன்றாக விளங்கியதும் அந்தத் தேசமே. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பாழானபோது, டோக்கியோவில் யாரோ உண்ணும் உணவுக்கும் முந்தலில் ஒரு குடும்பம் பட்ட கடனுக்கும் உள்ள சம்பந்தத்தை எங்கள் ஊரார் பட்டே அறிந்தார்கள். ஆனால் அந்தத் தேசத்து மனிதர் எதை எண்ணி அழுகிறார், எதற்குச் சிரிக்கிறார், எதை நினைத்து வெட்கப்படுகிறார் என்பதை அறிய எஞ்சினும் இறாலும் உதவவில்லை.

இன்றைய பிள்ளைகளின் கதை வேறு. இந்தியத் தொலைக்காட்சிகளின் வழியாகத் தமிழ் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்த ஜப்பானியச் சித்திர நாயகர்களான டோரேமொனையும் ஷின்சானையும் பார்த்தபடி சோறு உண்டு வளர்ந்தவர்கள் இன்று உயர் தர வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிகளில் நருட்டோ, வன் பீஸ் என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடர்கள் ஓடுகின்றன. ஜப்பானியரான யூகோ சாக்கோவும் இந்தியரான ராம் மோகனும் கூடி 1992இல் முடித்த இராமாயணச் சித்திரப் படம் 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலோடு மறுபடி வெளிவந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் டீமன் ஸ்லேயர் என்னும் ஜப்பானியச் சித்திரப் பட வரிசையின் புதிய படமும் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. கரைவலை இழுத்து முடிந்தபின் வாடி நிழலில் இருந்துகொண்டு, வன் பீஸில் வரும் லூஃபி என்னும் கடற்கொள்ளைக்காரப் பையன் தன் தோழர்களை ஏன் ஒருபோதும் கைவிடுவதில்லை என்று மணிக்கணக்காகத் தர்க்கிக்கும் இளைஞர்களின் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகள் இலக்கிய மாணவன் கேட்கும் கேள்விகளே. அவற்றை எடுத்துக்கொண்டு மேலே நடத்திச் செல்ல ஓர் ஆசிரியன் இல்லை என்பதுதான் குறை.

ஆகவே, மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக் கதையும் அனிமே என்னும் அசையும் சித்திரமும் உட்படத் தற்கால ஜப்பானின் வெகுஜனக் கலைகள், நமது பல்கலைக்கழகங்களில், அதுவும் தமிழ் மொழி மூலம், முறையான பாடநெறியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. உயர் தரப் பரீட்சையிலும் அது ஒரு பாடமாக இருக்கிறது. அந்த அஸ்திவாரத்தின் மேல், எங்கள் பிள்ளைகள் சென்று சேரும் ஒலுவில், யாழ்ப்பாணம், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் அடுத்த கட்டடம் எழவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

சிறுவர் பார்க்கும் பொம்மைப் படத்துக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன இடம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. நாட்டுக்கூத்தைப் படியாதவர்களின் இராக்கூத்து என்று படித்தவர்கள் ஒதுக்கியிருந்த காலமொன்று இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே கூத்தை மட்டக்களப்புக் கிராமங்களிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்று, 1960களில் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மாணவரைக் கொண்டே மேடையேற்றியபோதுதான், நம்மவர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதனால் கூத்துக்குக் கிடைத்த கௌரவத்தைவிடக் கல்விக்குக் கிடைத்த பிரயோசனமே பெரிது என்பேன். தாளக்கட்டையும் ஆட்ட வகையையும் சாதிக்கும் சடங்குக்கும் உள்ள தொடர்பையும் ஆராயும் ஒரு புதிய துறை அதிலிருந்து பிறந்தது. ஒரு கலையின் தகுதியை அதை ரசிப்பவரின் வயதைக் கொண்டு அளப்பது எக்காலத்திலும் சரியான அளவுகோலாக இருந்ததில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஏழை வீட்டிலிருந்து எழுவது. ஜப்பானிய மொழி படிப்பது வேலைக்குப் போவதற்காக. அதிலே சித்திரக் கதைக்கு என்ன வேலை என்பது அது. 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் விசேட திறன் தொழிலாளர் பற்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு, எங்கள் கரையோர இளைஞருக்கும் முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட வேலை என்று ஒரு வழி திறந்தது. மத்திய கிழக்கைத் தவிர வேறு திசை அறியாத குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயமன்று. அந்த வழியை அடைத்துவிட்டுக் கலை பேச நான் வரவில்லை. ஆனால் அந்த வேலையின் தன்மையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கற்பிட்டியிலிருந்து சென்ற ஒரு பெண், ஏதோ ஒரு ஜப்பானிய நகரத்து முதியோர் இல்லத்தில், எண்பத்தைந்து வயதான ஒரு மூதாட்டிக்குச் சோறூட்டுகிறாள். யுத்தம் முடிந்த மறு வருஷமாகிய 1946இல் அந்த மூதாட்டி சிறு குழந்தை. அந்த வருஷத்திலேதான் மச்சிக்கோ ஹசேகாவா என்ற பெண் சித்திரக்காரர் சசாயே சான் என்ற குடும்பத்துக் கதையைப் பத்திரிகையில் வரையத் தொடங்கினார். சிப்பி, சூரை, கடற்பாசி, அலை, ஓடம் என்று வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் கடலைச் சேர்ந்த பெயர்களையே இட்ட அந்தக் கதை, 1969 முதல் இன்றுவரை ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மூதாட்டியின் வாழ்நாள் முழுவதும் கூடவே நடந்து வந்த குடும்பம் அது. மருந்தின் பெயரையும் மரியாதைச் சொல்லையும் மட்டும் மனனம் செய்துகொண்டு போன பெண்ணுக்கும், கடலோரத்தில் பிறந்து அந்தக் கடற்குடும்பத்தின் கதையையும் கற்றுக்கொண்டு போன பெண்ணுக்கும், அந்தக் கட்டிலருகே உள்ள வித்தியாசம் எவ்வளவு! முன்னவள் கூலியாள், பின்னவள் பேச்சுத் துணை. சம்பாத்தியத்துக்காகச் செல்பவருக்கே கலாசார அறிவு மற்றவரைவிட அதிகம் வேண்டும்.

கொடுக்கல் வாங்கல் உள்ளவனின் மொழியையும் மனத்தையும் அறிந்திருப்பது இந்தக் கரைக்குப் புதிய பழக்கமுமன்று. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய யாத்திரிகர் இபன் பதூதா, தன்னை வரவேற்ற மன்னர் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஜப்பானைக் கற்பது ஜப்பானைப் போற்றுவதாகிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாணவியாக அந்த நாட்டுக்குச் சென்ற நம் நாட்டுப் பெண் விஷ்மா சந்தமாலி, 2021 மார்ச்சில் நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் தக்க வைத்தியமின்றி இறந்தார். இனிமையான சித்திரங்களை உலகெங்கும் அனுப்பும் தேசம், தன் வாசலுக்கு வந்த அந்நியரை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியும் பாடத்தின் பகுதியாக வேண்டும். அந்தச் சித்திரங்களை இரவு பகலாகச் சொற்ப ஊதியத்துக்கு வரையும் இளங்கலைஞரின் ஜீவனமும், சில கதைகள் பெண்ணை வரையும் விதமும், அவற்றிலே வரும் கொடூரமும் அப்படியே. தனியே கைப்பேசியில் பார்க்கும் பையனுக்கு இவற்றை யாரும் சொல்வதில்லை. பார்க்காதே என்று தடுக்கும் தந்தையும் சொல்வதில்லை.

இத்தகைய கல்வி எதைக் கண்ணில் காட்டும் என்பதற்கு ஒரு நூலை எடுத்துக்கொள்கிறேன். 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்த ஃபுமியோ கோனோ என்ற பெண்மணி 2007 முதல் 2009 வரை வரைந்த கதை அது. அதன் பெயரைத் தமிழில் ‘உலகின் இந்த மூலையில்’ என்று சொல்லலாம். 2016இல் சுனாவோ கத்தபுச்சி அதைத் திரைப்படமாக்கினார். கதாநாயகி சூசு, ஹிரோஷிமாவின் கடலோரத்தில் கடற்பாசி எடுத்து உலர்த்தி விற்கும் வீட்டுப் பெண். சித்திரம் வரைவதைத் தவிர வேறு கெட்டித்தனம் இல்லாதவள். அவளுடைய பள்ளித் தோழன் ஒருவன், தன் அண்ணனைக் கடலுக்குப் பறிகொடுத்தவன், கடலை வரையும்படி ஆசிரியர் சொன்னபோது வரைய மறுத்து உட்கார்ந்திருக்கிறான். அலைகள் முயல்களைப் போலத் துள்ளுகின்றன என்று அவன் சொல்ல, அவனுக்குப் பதிலாக அவளே அந்தக் கடலை வரைகிறாள். அலையின் நுரையெல்லாம் வெள்ளை முயல்களாகப் பாய்கின்றன. கடலுக்குப் போன அண்ணன் திரும்பாத வீடுகள் எங்கள் கரையிலும் உண்டு. அந்தப் பக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டியது பின்னால் வருகிறது. கூரே என்ற கடற்படைத் துறைமுகத்துக்கு மணமுடித்துச் சென்ற சூசு, 1945இல், தாமதித்து வெடித்த ஒரு குண்டில், தான் கைப்பிடித்து அழைத்துச் சென்ற சிறுமியையும், அவளைப் பிடித்திருந்த தன் வலக்கையையும் ஒருங்கே இழக்கிறாள். சித்திரம் வரைந்த கை அதுவே. அந்த இடத்திலிருந்து கதையின் பின்னணிகளைக் கோனோ தம் இடக்கையால் வரைந்தார். வீட்டுக் கூரைகளும் மலைச் சரிவுகளும் கோணலாகின்றன. உலகமே ஊனப்பட்டுப் போனதாக வாசகன் உணர்கிறான். ஏன் அப்படி உணர்கிறோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரிவதில்லை. சொல்லால் எழுதும் நாவலாசிரியனுக்கு எட்டாத ஒரு காரியத்தைக் கோடு செய்துவிட்டது. இதை அறிந்து வாசிப்பதற்கும் அறியாமல் புரட்டுவதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடத்திவிடுவதுதான் பல்கலைக்கழகத்தின் கடமை.

இன்னொன்றும் உண்டு. கோனோ அந்த யுத்தத்தைக் கண்ணால் கண்டவரல்லர். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் பிறந்தவர். தேடியும் கேட்டும் படித்தும் வரைந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் எங்கள் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். மன்னாரிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் அவர்களுள் அநேகர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் செல்லும் வயதினர். உம்மும்மாவின் வாயிலிருந்து அந்தப் பயணத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு மாணவி, கோனோவின் பக்கங்களைப் பாடமாகப் படிக்க நேர்ந்தால், தன் கையில் உள்ள ஞாபகமும் கோடாக மாறக்கூடும் என்பதைக் காண்பாள். அவளுக்கு அந்த வழியைக் காட்டாமல் இருப்பது பெரும் நஷ்டம்.

நம்மிடமும் சித்திரக் கதைக்குச் சரித்திரம் இல்லாமலில்லை. ஒசாமு தெசுக்காவின் அஸ்ட்ரோ போய், வாரந்தோறும் வரும் முதல் அரைமணி நேர அனிமேத் தொடராக ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 1963இலேயே, சிவஞானசுந்தரம் என்னும் சுந்தர் சிரித்திரன் என்னும் நகைச்சுவைப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் சித்திரங்களில் வந்த சவாரித் தம்பரையும் மயில்வாகனத்தாரையும் அறியாத வீடு அந்நாளில் குறைவு. தெசுக்காவிடம் பணம் போதவில்லை. ஆகவே சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே முகத்தை நெடுநேரம் நிறுத்தி, வாயை மட்டும் அசைத்துப் படம் எடுத்தார். அந்த வறுமையிலிருந்தே ஒரு பாணி பிறந்து, பின்னர் ஒரு தேசத்தின் தொழிலாக வளர்ந்தது. சுந்தரும் வசதியில்லாமல்தான் உழைத்தார். தெசுக்காவின் கலையை ஆராயப் பல்கலைக்கழகங்களும் நூதனசாலைகளும் எழுந்தன. சுந்தரின் கலை நினைவிலே நிற்கிறது. 2006இல் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் மங்காவுக்கென்றே ஒரு பீடத்தை நிறுவியது. அதே ஆண்டில் அந்நகரில், மூடப்பட்ட ஓர் ஆரம்பப் பள்ளியின் கட்டடத்திலே, இன்று ஏறத்தாழ 3,00,000 பிரதிகளும் பொருள்களும் கொண்ட மங்கா நூதனசாலை திறக்கப்பட்டது.

பழைய ஜப்பானைத் தமிழர் கற்ற முன்மாதிரி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு காண முயன்ற ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவோடு, 1980களில் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் டோக்கியோ சென்று உழைத்தார்கள். ஓனோவின் முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் சங்க அகப்பாடல்களை எட்டாம் நூற்றாண்டு மன்யோஷுத் தொகுப்போடு வைத்து வாசித்த அந்த உழைப்பு வீணன்று. அந்த ஒப்பியல் வாசிப்பை எட்டாம் நூற்றாண்டிலிருந்து இருபத்தோராம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருவதே இப்போது செய்ய வேண்டியது.

செய்யத் தொடங்குவதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு நூலக அறை போதும். அதில் ஜப்பானிய மூல நூல்கள் ஒரு பக்கமும், சிரித்திரன், அம்புலிமாமா, 1972 முதல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் ஆகியவை மறு பக்கமும் இருக்கட்டும். பின்னவற்றைச் செல்லரிக்குமுன் வீடுகளிலிருந்து கேட்டு வாங்குவதே முதலாண்டு மாணவரின் செயன்முறைப் பயிற்சியாகட்டும். கலைச்சொற்களோடு ஒரு தமிழ்ப் பாடநூல் எழுதப்படட்டும். ஆசிரியருக்கும் பஞ்சமில்லை. விசேட திறன் தொழிலாளராக முதற் பிரிவில் செல்வோருக்கு ஜப்பான் பொதுவாக ஐந்தாண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை; திரும்பி வருகிறவர்கள் வாசிக்கவும் பேசவும் தெரிந்தவர்களாக வருவார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும் வயதும் அவர்களைத் தடுக்காதபடி, திறந்த பல்கலைக்கழகத்தின் வழியாகவோ வெளிவாரிப் பட்டமாகவோ இந்தப் பாடநெறி அமைந்தால், அவர்களுள் சிலர் மாணவராக நுழைந்து ஆசிரியராக நிலைக்கக் கூடும்; பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதற்கான விதிகளை இப்போதே வகுக்கத் தொடங்கலாம்.