வங்கி தராத பணம்

‘வாடகையாகக் கொடுக்கும் பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள், வீடு உங்களுக்கே சொந்தம்!’ தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்கள் இந்த மாதிரி விளம்பரப் பலகையைப் பார்க்காமல் செங்கல்பட்டு போய்ச் சேர முடியாது. ரூ.15,000 வாடகையில் குடியிருக்கும் ஒரு குடும்பம் ரூ.60 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி ரூ.48 லட்சம் கொடுக்கிறது. 8.5% வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ரூ.41,655. வாடகை எங்கே, தவணை எங்கே!

இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்துவிடலாம் என்பதால், இதில் ஏமாறுகிறவர்கள் குறைவு. இடறி விழுவது வேறு இடத்தில். முதல் தவணை தொடங்கும் முன்பே கையிலிருந்து எடுத்துவைக்க வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி ரூ.30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம், ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரை 80%. அதற்கும் மேலே 75%. ஆக, ரூ.60 லட்சம் வீட்டுக்கு ரூ.12 லட்சம் நம் பொறுப்பு. புது அடுக்குமாடி வீடு என்றால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 7%, அதாவது ரூ.4.2 லட்சம். கட்டி முடிப்பதற்குள் வாங்கினால் ஜிஎஸ்டி 5%, ரூ.3 லட்சம். (சாலையின் பெயரும் வரியின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.) கூட்டிப்பாருங்கள், ரூ.19.2 லட்சம். கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, பராமரிப்பு வைப்புத்தொகை, அலமாரி, ஜன்னலுக்குக் கொசுவலை என்று சாவி கைக்கு வரும் நேரத்தில் நீளும் பட்டியல் தனி.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை, மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவர்கள் வீட்டுப் பால் காய்ச்சும் நிகழ்வுக்குப் போயிருந்தேன். கூடத்தின் கூரையில் மின்விசிறிக்கான கொக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பந்தல் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த பெடஸ்டல் ஃபேன் ஒன்றுதான் ஐயருக்கும் விருந்தினருக்கும். துணிமணிகள் அட்டைப்பெட்டிகளில். அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். தாலிக்கொடி உட்பட எல்லா நகையும் அடகில். “வீடு வந்துடுச்சுக்கா, நகைதான் இன்னும் வரல” என்று என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். வருங்கால வைப்பு நிதியில் எடுத்தது, நகைக் கடன் இரண்டும் போதாமல், ரூ.6 லட்சம் வெளியே வாங்கியிருந்தார்கள், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் ரூ.12,000 வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். வீட்டுக் கடனுக்கு 8.5% கேட்டபோது கால் சதவீதம் குறைக்கச் சொல்லி மூன்று வங்கிகள் ஏறி இறங்கியவர்கள், இந்த 24% கடனை ஒரே மாலையில் வாங்கினார்கள். பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வேறு வழியில்லை.

அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு நகைச் சீட்டு, பண்டிகைக்குத் தீபாவளிச் சீட்டு என்று முன்கூட்டியே சேர்த்துப் பழகிய சமூகம்தான் நாம். வீடு என்று வந்தால் மட்டும் சேர்க்கும் வேலையை வங்கி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம்.

எனக்குச் சரியென்று படும் வழி ஒத்திகை. வீடு பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் ஆகிவிட்டதாக எண்ணி, வரப்போகும் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடர் வைப்பில் போட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன ரூ.15,000 வாடகைக் குடும்பத்துக்கு அது மாதம் ரூ.26,655. மூன்று ஆண்டில் அசலே ரூ.9.6 லட்சம் ஆகும். ஐந்தாவது மாதமே மூச்சு வாங்கினால், ரூ.60 லட்சம் வீடு நமக்கானதல்ல என்பது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துவிடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறி, வீட்டுக் கடன் வட்டியும் கூடியபோது, தவணை கூடாமல் கடன் காலம் நீண்டுபோனதைப் பலர் வெகு தாமதமாகத்தான் கவனித்தார்கள். அந்த ஏற்றத்துக்கும் ஒத்திகையில் இடம் வைப்பது நல்லது.

‘அதற்குள் விலை ஏறிவிடுமே’ என்பார்கள். ஏறலாம். ஆண்டுக்கு 5% ஏறினால் அந்த வீடு மூன்றாண்டில் ரூ.69 லட்சத்தைத் தாண்டும். சேர்த்த பணம் விலையேற்றத்துக்கே சரியாகப் போய்விடும். இதை மறைத்துவிட்டு ஒத்திகையைப் போற்றுவதில் நியாயமில்லை. ஆனால், அந்த நிலையில் சின்ன வீட்டுக்கோ பழைய வீட்டுக்கோ இறங்கிவரலாம். இரண்டு வட்டிக் கடனிலிருந்து அப்படி இறங்கிவர முடியாது.

பணத்தோடு காகிதமும் சேர வேண்டும். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். மூலப் பத்திரம், பட்டா, கட்டிட அனுமதி, பிரிபடாத நிலப் பங்கு ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்து முடிக்கும் வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ‘இன்னொரு பார்ட்டி காத்திருக்காங்க சார்’ என்று சொன்னால், அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்.

இவ்வளவும் வாங்குகிறவர் பாடு. அரசின் பங்கையும் பேச வேண்டும். கையிலிருந்து போடும் பணத்தில் கணிசமான பகுதி முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் போகிறது. கடன் கணக்கிடும்போது இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்க்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. 2015இல் தந்த விலக்கு ரூ.10 லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டும். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைப்பு என்று 2025இல் தமிழக அரசு கொண்டுவந்த சலுகைக்கும் அதே ரூ.10 லட்சம்தான் எல்லை. சென்னையைச் சுற்றி அந்த விலைக்கு எந்த வீடு கிடைக்கும்?

இதைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் முதல் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு ரூ.50 லட்சம் வரை 6%, ரூ.3 கோடி வரை 7% என்று குறைத்தார்கள். மறுவிற்பனைக்கு வரும் பழைய வீட்டுக்கு மட்டும் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக 9% நீடிக்கிறது. ரூ.2 கோடிக்குப் புது வீடு வாங்குகிறவருக்கு 7%, குரோம்பேட்டையில் ரூ.40 லட்சத்துக்கு இருபது வருடப் பழைய வீடு வாங்குகிறவருக்கு 9%, அதாவது ரூ.3.6 லட்சம். அவருக்கு 6 சதவீதமாக இருந்தால் ரூ.1.2 லட்சம் மிஞ்சும்.

பதிவுத் துறை வருவாயை இழக்க அரசு தயங்கும் என்பது தெரியும். எல்லாருக்கும் குறைக்க வேண்டாம். தன் பெயரில் வேறு வீடு இல்லாதவர், ரூ.50 லட்சத்துக்குள் வாங்கும் முதல் வீட்டுக்கு, அது பழைய வீடாகவே இருந்தாலும், அதே 6 சதவீதத்தை அடுத்த நிதிநிலை அறிக்கையில் அறிவிக்க வேண்டும்.