டாக்டரம்மா பதில்கள்: காலில் ஆபரேஷன், மெட்டியைக் கழற்றணுமா?

கேள்வி: கட்டைவிரல் பக்கத்து எலும்பு புடைத்து, செருப்பே போட முடியவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன். மெட்டியைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள், மாமியாருக்கு மனசில்லை. அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தபோது அயோடின் தடவினார்களாம். எனக்கு வேறு மருந்தாம். அது போதுமா? காலை நானே பிளேடால் மழித்துக்கொண்டு போகட்டுமா?

பதில்: பிளேடைத் தொடவே தொடாதீர்கள், சகோதரி! மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அதில் கிருமி புகும். மழிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2016-ல் சொல்லியிருக்கிறது. அவசியமானால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் கத்தரிப்பார்கள்.

கால்விரல் இடுக்கும் நக ஓரமும் சுத்தம் செய்யச் சிரமமான இடங்கள். வேர்வையும் ஈரமும் தங்கி, கிருமிகள் அங்கே சுகமாகக் குடியிருக்கும். மெட்டிக்கு அடியிலும் அதே கதைதான். விரல் வீங்கினால் மெட்டி இறுகி ரத்த ஓட்டத்தையும் தடுக்கும். கழற்றி சுவாமி படத்தடியில் வையுங்கள். புண் ஆறியதும் மாமியார் கையாலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அவருக்கும் மனசு ஆறும்.

இனி மருந்து. அமெரிக்காவில் கால் ஆபரேஷனுக்கு வந்த 125 பேரிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டு, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் கட்டைவிரலில் கிருமி மிஞ்சியிருந்தது. ஸ்பிரிட் கலந்த அயோடினில் 65 சதவீதம், குளோராக்சிலினாலில் 95. ஆனால் புண் சீழ்பிடிப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் வந்த பெரிய ஆய்விலோ, தோல் கிழியாத எலும்பு முறிவு ஆபரேஷன்களில் ஸ்பிரிட் கலந்த அயோடினே சற்று முந்தியது. ஆகவே மருந்து வேறாயிற்றே என்று கலங்க வேண்டாம். விரல் இடுக்கெல்லாம் படும்படி தடவி, நன்றாக உலர விடுவதுதான் முக்கியம். ஸ்பிரிட் ஈரமாக இருக்கும்போது மின்சாரக் கருவியை வைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டே!

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவை:

* நகப்பூச்சை அழித்துவிட்டு, முதல் நாளும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

* சேற்றுப்புண்ணோ வெடிப்போ இருந்தால் மறைக்காமல் இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

* சர்க்கரை வியாதி உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்திருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தைரியமாகப் போய் வாருங்கள்.