ஷிப்பும் ஷீப்பும்

கப்பலுக்கு ‘ஷிப்’, செம்மறிக்கு ‘ஷீப்’. முன்னது குறில், பின்னது நெடில், அவ்வளவே என்று மாணவர் பலர் அமைதி கொள்கின்றனர். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது தொல்காப்பியர் கணக்கு. ஆங்கிலத்தில் அது பாதி வழிதான் வரும். அடித்தலைக் குறிக்கும் ‘பீற்’ என்னும் சொல்லின் நெடில், ஈற்றிலுள்ள வல்லோசையாற் குறுகிவிடும். ஏலங்கேட்டலைக் குறிக்கும் ‘பிட்’ என்பதன் குறிலோ சற்றே நீளும். அளந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாதலும் உண்டு!

பின் செவி எதனாற் பிரித்தறிகின்றது? நாவின் நிலையால். ‘ஷீப்’ என்கையில் நா முன்னே நன்கு உயரும், இதழ் விரியும். ‘ஷிப்’ என்கையில் நா தளர்ந்து, எகரத்தின் பக்கமாகச் சிறிது தாழும். நம்மவரோ ஈகாரத்தையே விரைந்து சொல்லிவிடுகின்றனர். கேட்போனுக்குத் துறைமுகத்திற் செம்மறி வந்து நிற்கும்.

மாணவரை மட்டும் நோவானேன்? டானியேல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியே இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதி, நெடிலுக்கு இருபுள்ளி மாத்திரம் சேர்த்தது. கிம்சனின் 1977ஆம் ஆண்டுப் பதிப்பே வெவ்வேறு எழுத்துத் தந்தது.

வீட்டில் மூத்தோர் ஒருவர் இச்சொற்களை மாற்றி மாற்றிக் கூற, இளையோர் கண்மூடி இன்னதெனச் சொல்லட்டும். செவி தேறிய பின்னரே நாவைப் பழக்குதல் நன்று என்போம்.