காய்ச்சலோடு மேல் வயிறு வலிக்குதா? குழந்தைகளுக்கு வரும் கணைய அழற்சி... எந்த டெஸ்ட் முக்கியம்?

காய்ச்சல் வந்த குழந்தை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்தா, 'குடல் ஏறியிருக்கு, எண்ணெய் போட்டுத் தட்டுங்க' என்பதுதான் பல வீடுகளில் முதல் பேச்சு. ஆனா அந்த வலி கணையத்திலிருந்தும் வரலாம். தாமதம் ஆபத்து.

கணைய அழற்சின்னா என்ன?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், செரிமான நொதிகளைச் சுரக்கிறது. அந்த நொதிகள் குடலுக்குப் போகும் முன்பே கணையத்தை அரிக்கத் தொடங்கினால் அதுதான் கணைய அழற்சி.

குழந்தைகளுக்கு ஏன் வருது?

பெரியவர்களுக்கு மதுவும் பித்தப்பைக் கல்லும் முக்கியக் காரணங்கள். குழந்தைகளுக்கு பொன்னுக்கு வீங்கி, டெங்கு, டைபாய்டு போன்ற தொற்றுகளாலும் அபூர்வமாக வரலாம். இன்னொரு காரணம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது. பரம்பரைக் கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில மருந்துகளால் இப்படி ஏறும். அப்போது எடுக்கும் ரத்தம் பால் கலந்த மாதிரி தெரியும். சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோர் அதை டாக்டரிடம் சொல்வது நல்லது.

டெஸ்ட்டில் என்ன சிக்கல்?

அமைலேஸ் டெஸ்ட் மட்டும் போதாது. பொன்னுக்கு வீங்கியில் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவதாலேயே அமைலேஸ் கூடும். டிரைகிளிசரைடு மிக அதிகமானால், அமைலேஸ் குறைவாகவே காட்டலாம். அதனால் லைபேஸ், டிரைகிளிசரைடு இரண்டையும் பார்க்கணும். லைபேஸ் இயல்பைவிட 3 மடங்கு இருந்தால் சந்தேகம் வலுக்கும். தொற்றே டிரைகிளிசரைடை ஏற்றும் என்பதால், குணமான பிறகு மறுபடி பரிசோதிப்பது அவசியம்.

தடுப்பூசி இருக்கா?

தமிழகத்தில் 2017-ல் இருந்து அரசு போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மை, ரூபெல்லாவுக்கு மட்டும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தருவது எம்.எம்.ஆர். ஊசி. தனியாரில் காசு கொடுத்துத்தான் போடணும். கூலியை நம்பும் நெசவாளர் குடும்பத்துக்கு இது சுமைதான்.

எப்போது ஓடணும்?

மேல் வயிற்று வலி முதுகுக்குப் பரவினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை சோர்ந்தாலோ காத்திருக்காதீங்க. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் அரசு மருத்துவமனையும், ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கு. சீக்கிரம் போனால், பெரும்பாலான குழந்தைகள் டிரிப்ஸ், வலி மருந்து, கவனமான உணவிலேயே தேறிடுவாங்க.