சாவியைக் கதவிலேயே விடலாமா?



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் பேரையூரில் எங்கள் தெருவுக்கே நான் ஓர் இலவசக் கம்ப்யூட்டர் சென்டர்! வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் என்னிடம்தான் வரும். "பாஸ்வேர்டெல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்காதுப்பா, நீயே வச்சுக்கோ" என்பார்கள். வச்சுக்கிட்டேன். பதினோரு வீட்டுச் சாவி!

வைத்த இடம், பெரியப்பா மகன் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி. (2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம், எத்தனை பேருக்கு அதுதான் முதல் கணினி!) விண்டோஸ் தள்ளாடியதால் டெபியன் லினக்ஸ் போட்டேன், கேடிஇ திரையோடு. அதில் 'கேவாலட்' என்று ஒரு பர்ஸ் உண்டு. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் தனியாக ஒரு கடவுச்சொல் கேட்கும். தினமும் இந்தத் தொல்லையா? "காலியா விட்டுருடா, கேட்காது" என்றான் ஒரு நண்பன். விட்டேன். சுகமாகத்தான் இருந்தது.

பிறகு மடிக்கணினி பழுதானது. கடையில் நாலு நாள் கிடந்தது. வாங்கப் போனபோது கடைக்காரத் தம்பி ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டி, "பாருண்ணே, ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு" என்று திறந்து காட்டினான். நல்ல பையன், எதையும் தொடவில்லை. ஆனால் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காலிக் கடவுச்சொல் போட்ட பர்ஸ் கோப்பை எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் திறந்துகொள்ளுமே!

வசதி வேண்டுமென்றால் பாதுகாப்பை விடணும் என்று சீனியர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1995 அக்டோபரிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸின் வி. சமர், ஆர். ஷெமர்ஸ் இருவரும் 'பாம்' என்ற முறையை எழுதி வைத்துவிட்டார்கள். நுழைவாயிலில் நாம் ஒருமுறை தட்டும் கடவுச்சொல்லை உள்ளே இருக்கும் மற்றப் பூட்டுகளுக்கும் அதுவே கொடுத்துவிடும். டெபியனில் கேவாலட்டுக்கான பாம் பொதியை நிறுவினால் போதும். பர்ஸின் பெயர் 'கேடிஇவாலட்' என்றே இருக்கணும், அதன் கடவுச்சொல்லும் லாகின் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கணும், பூட்டு ஜிபிஜி வகையாக இல்லாமல் புளோஃபிஷ்ஷாக இருக்கணும். லாகின் கடவுச்சொல்லை மாற்றினால் பர்ஸிலும் நாமே போய் மாற்றணும். இதை மறந்துவிட்டுத் திட்டுகிறவர்கள் ரொம்பப் பேர்.

இன்னொன்று, ஆட்டோ லாகின் கூடாது. கைரேகை வைத்து நுழைந்தாலும் பர்ஸ் திறக்காது. தட்டாத சாவியைப் பாம் எங்கிருந்து கொடுக்கும்? ஒரேயொரு தடவை தட்டச் சோம்பல்பட்டுத்தான் நாம் கதவிலேயே சாவியை விடுகிறோம். நுழைந்தபின் பர்ஸ் திறந்தே கிடக்கும் என்பதும் உண்மைதான். டீக்குடிக்க எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

பதினோரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு சாயங்காலம் ஆனது. யாரும் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "புதுசையும் நீயே போட்டுக்கோய்யா" என்றார் எதிர்வீட்டு அத்தை. மாட்டேன் என்று சொல்லி, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.