கேட்கப்படாத ஒரு கேள்வி

பொதட்டூர்பேட்டையில் தறியோசை கேளாத தெரு அரிது. 1960இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த பின்னும் தெலுங்கும் தமிழும் இங்கே ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. சென்ற ஐப்பசி மழையில் நெசவாளர் வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். ஐந்து மாதக் கருவோடிருந்த மகளுக்குக் கடும் சளி. மிளகுப்பொடி கலந்து இரண்டு கரண்டி பிராந்தி கொடுத்துக்கொண்டிருந்தார் தாயார். நம் முகம் மாறியதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? எங்கம்மா எனக்குக் குடுத்தாங்க, நான் இவளுக்குக் குடுக்கறேன். மருந்துதானே?"

இலக்கியம் கற்பிக்கும் நமக்கு அந்நேரத்தில் தக்க விடை சொல்லத் தெரியவில்லை. "டாக்டரைக் கேட்டுக் குடுங்கம்மா" என்று முணுமுணுத்துவிட்டு வந்தோம். பின்னர் அவ்விடையைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

மது என்றதும் நம் சமூகம் ஆணை மட்டுமே நினைக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 விழுக்காட்டினரும் பெண்களில் 1.3 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். ஆனால் கரண்டியில் மருந்தாகக் கொடுக்கப்படுவதை எந்தப் பெண்ணும் குடி என்று கணக்கில் சொல்லமாட்டாள். குடிக்கும் பெண்ணோ வெட்கத்தால் வாய் திறக்கமாட்டாள்.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து கருவின் குருதியில் கலக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் போதிய ஆற்றல் கருவின் ஈரலுக்கு இல்லை. 1968இல் பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். அது பரவலான கவனத்தைப் பெறவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் இந்நோய்க்குறிக்குப் பெயர் சூட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. பெயரில்லாத துன்பம் கண்ணில் படுவதில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எந்த அடையாளமும் இராது. பாடம் மனத்தில் நிற்காது, கணக்கு வராது, ஓரிடத்தில் உட்கார முடியாது. நம் பள்ளிகளில் அப்பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் "மக்கு" என்பதுதான்.

இரண்டு கரண்டி குடித்த பெண்ணை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். எனினும் இவ்வளவு பாதுகாப்பானது என்று எந்த அளவையும் மருத்துவம் வரையறுக்கவில்லை. கருவின் மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. ஆகவே எந்த மாதத்தில் நிறுத்தினாலும் நன்மையே. நொதிக்கவைத்துச் செய்யும் அரிட்டங்களிலும் மதுசாரம் உண்டு. அவற்றையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அவருக்குத் தேவை வசை அன்று, மருத்துவமனை. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

குற்றத்தைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றுவது எளிது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இப்பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் ஒன்றாக இன்று அப்பகுதி விளங்குகிறது. அந்தத் தாய்மார்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகுமா?

செய்யவேண்டியது பெரிதன்று. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணிடமும், ஒவ்வொரு பரிசோதனையிலும், மதுப் பழக்கம் பற்றிக் கேட்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே பரிந்துரைத்தது. எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அதே குரலில், தனிமையில், கணவரும் மாமியாரும் அருகில் இல்லாதபோது இதையும் கேட்கட்டும். எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வியில் எவருக்கும் இழிவில்லை. வீட்டில் கணவர் குடித்துக்கொண்டே மனைவியை நிறுத்தச் சொல்வதிலும் பயனில்லை. 2019 முதல் இந்திய மதுப்புட்டிகளில் கட்டாயமான எச்சரிக்கை, உடல்நலக் கேட்டையும் வாகனம் ஓட்டுவதையும் பேசுகிறது, கருவைப் பேசவில்லை. அமெரிக்காவில் 1989 முதலே அந்த வரி புட்டியில் இருக்கிறது.

நம் எல்லைக்கு அப்பால், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், சாராயக் கடையை மூடவைத்த பெண்களின் கதை எழுத்தறிவு இயக்கப் பாடநூலில் ஒரு பாடமாக இருந்தது. 1992இல் அதைப் படித்த பெண்கள் தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தனர்; 1993இல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. ஒரு பாடத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு என்றால், நம் மேல்நிலை வகுப்புப் பாடநூலில் இதைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கலாகாதா?

அந்தத் தாயாரை மறுபடி பார்த்தோம். "மருந்து இல்லைம்மா, பிள்ளைக்கு ஆகாது" என்று காரணத்தோடு சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "இத்தனை நாள் யாரும் சொல்லலையே சார்" என்றார். சொல்லாதவர்களில் நாமும் ஒருவர்.